எந்தக் கிணறு என்று எழுதவில்லை

முதலில் வந்தது மயிர்க்கூச்சம்தான். பெரம்பலூரிலிருந்து அரியலூருக்கு வரும் பஸ்ஸில், மத்தியானம் இரண்டரை மணி வெயிலில் உட்கார்ந்திருந்தேன். முதுகெல்லாம் வியர்வை. திடீரென்று என் இடது கையில் மட்டும் முடிகள் எழுந்து நின்றன. பின்கழுத்தில் யாரோ மெல்ல ஊதியது போலிருந்தது. திரும்பிப் பார்த்தேன். பின்னிருக்கை காலி. வலது கையைப் பார்த்தேன். அது எப்போதும் போல இருந்தது. அரை நிமிடத்தில் எல்லாம் அடங்கிவிட்டது. ஏசி அறையில் தேர்வுத்தாள் திருத்திவிட்டு வந்ததால் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த வாரம் அது ஒரு நாளைக்கு ஐந்தாறு முறை வந்தது. எப்போதும் இடது கையில்தான். எப்போதும் பின்னால் ஒருவர் நிற்பது போலத்தான்.

என் பெயர் மலர்விழி. பெரம்பலூரில் ஒரு தனியார் கல்லூரியில் வேதியியல் நடத்துகிறேன். வீடு அரியலூரில். கணவர் தங்கராசு மோட்டாருக்குள் செம்புக் கம்பியைச் சுற்றிக் காயில் கட்டும் பட்டறை வைத்திருக்கிறார். மகள் யாழினி அப்போது பன்னிரண்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள். இந்த நோயைப் பற்றித் தமிழில் சொல்பவர்கள் குறைவு என்பதால் எழுதுகிறேன். எழுத வேண்டியதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. அது போகப் போக வரும்.

நான் பயந்தது ஒரு வியாழக்கிழமை. இரண்டாம் ஆண்டு வகுப்பில் கரைசல்களின் செறிவு பற்றி நடத்திக்கொண்டிருந்தேன். முன்வரிசையில் ஒரு மாணவி எழுந்து நின்றாள். முகம் வெளுத்திருந்தது.

"மேடம், இதை நேத்தும் நடத்தினீங்க. முந்தாநாளும் நடத்தினீங்க."

அவள் நோட்டை நீட்டினாள். மூன்று தேதிகள் போட்டிருந்தன. மூன்றின் கீழும் ஒரே வாக்கியங்கள். அதே உதாரணம், அதே வரிசை. சர்பத்தில் சர்க்கரை கரைவதைப் பற்றி நான் சொல்லும் சின்ன வேடிக்கை மூன்று நாளும் ஒரே இடத்தில் வந்திருந்தது. நாற்பது பேரும் மூன்று நாளும் பேசாமல் எழுதியிருக்கிறார்கள். யாரும் சிரித்திருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். என் மனதில் அந்தப் பாடத்தை அன்றைக்குத்தான் தொடங்கியிருந்தேன்.

அரியலூரில் ஒரு டாக்டரிடம் போனோம். ரத்தத்தில் சோடியம், அதாவது உப்புச் சத்து, மிகவும் குறைந்திருப்பதாகச் சொன்னார். அது குறைந்தால் குழப்பமும் மறதியும் வரும். இரண்டு நாள் படுக்க வைத்து மருந்து ஏற்றினார்கள். உப்பு ஏறியது. வீட்டுக்கு வந்தேன். பத்து நாளில் மறுபடி இறங்கியது. ஏன் இறங்குகிறது என்று யாருக்கும் தெரியவில்லை. இன்னொரு டாக்டர், வேலைப்பளு என்று சொல்லி மனதை அமைதிப்படுத்தும் மாத்திரை கொடுத்தார். என் நாத்தனார் உடையார்பாளையத்திலிருந்து வந்து கையில் ஒரு மந்திரித்த கயிறு கட்டினார். தங்கராசுவுக்கு அதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. இருந்தும் கட்டுவதற்கு வாகாக என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

கயிறு கட்டிய நாலாம் நாள் சமையலறையில் வலிப்பு வந்து விழுந்தேன். பெரம்பலூரில் ஒரு மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள்.

அதற்குப் பிறகு நடந்தவற்றில் பெரும்பகுதி எனக்குப் பிறர் சொல்லித் தெரிந்ததுதான். என்னிடம் இருப்பவை சில துண்டுகள். ஒன்று வார்டு. ஜன்னல் வழியே பட்டப்பகல் வெளிச்சம். என் கட்டிலுக்கு எதிர்மூலையில் ஒரு நாற்காலி. அதில் வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். அவர் முகத்தை நான் பார்த்ததே இல்லை. காலையில் இருப்பார், மத்தியானம் இருப்பார். எனக்குப் பயமாக இல்லை. அவருக்கும் சாப்பாடு கொடுக்கச் சொல்லி நர்ஸிடம் கேட்டிருக்கிறேன். நர்ஸ் அந்த மூலையைப் பார்த்துவிட்டு, "அவரு சாப்ட்டுட்டாரும்மா" என்றாராம். இப்போது நினைக்கும்போதுதான் உடம்பு சிலிர்க்கிறது. அந்த மூலையில் நாற்காலியே கிடையாது என்று யாழினி பிறகு சொன்னாள்.

இன்னொரு துண்டு என் கணவர். ஒரு நாள் கஞ்சி டம்ளரோடு ஒருவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். தங்கராசுவின் முகம், தங்கராசுவின் சட்டை. விரலில் காயில் வார்னிஷ் கறை. ஆனால் அவர் தங்கராசு இல்லை என்று எனக்கு உறுதியாகத் தெரிந்தது. யாரோ அவரைப் பார்த்து அச்சாகச் செய்து அனுப்பியிருக்கிறார்கள். ஒரு அந்நியரிடம் பேசுவது போல மரியாதையாகக் கேட்டேன்.

"எங்க வூட்டுக்காரரு எப்ப வருவாருங்க?"

அவர் கஞ்சியை ஆற்றிக்கொண்டே இருந்தார். "வந்துடுவாருங்க. அதுவரைக்கும் நான் இருக்கேன்" என்றார்.

ஒன்பது நாள் அந்த அந்நியர்தான் எனக்குக் கஞ்சி கொடுத்தார், தலை சீவிவிட்டார். நான் கூச்சப்படுவேன் என்று, சேலை மாற்றும் நேரத்தில் யாழினியைக் கூப்பிட்டுவிட்டு வெளியே போய் நின்றார்.

அங்கே எங்களைப் பார்த்தவர் டாக்டர் ஃபர்சானா. முப்பது வயதுக்கு மேல் இருக்காது. பொது மருத்துவர், மூளை நரம்பு நிபுணர் அல்ல. ஸ்கேனில் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. முதுகுத்தண்டில் ஊசி போட்டு, மூளையைச் சுற்றி ஓடும் நீரில் கொஞ்சம் எடுத்துப் பார்த்தார்கள். அதில் கிருமி இல்லை. மூன்றாம் நாள் ரவுண்ட்ஸ் வந்தபோது தங்கராசுவிடம் கேட்டிருக்கிறார்.

"சார், பெரிய ஃபிட்ஸ் ஒரு வாட்டிதான் வந்துதுன்னு சொன்னீங்க. அதுக்கு முன்னாடி சின்னதா ஏதாவது இழுப்பு, துடிப்பு இருந்துதா? இருந்தா எப்படி இருக்கும்?"

தங்கராசு பேச்சில் சொல்லத் தெரியாதவர். பையிலிருந்து பட்டறை நோட்டை எடுத்து நீட்டினார். எந்த மோட்டார் வந்தாலும் அவிழ்ப்பதற்கு முன் அதை ஓடவிட்டுப் பார்த்து, கண்டதைக் கண்டபடி அதில் எழுதிவைப்பது அவர் வழக்கம். 'ஸ்டார்ட் ஆவுது. பத்து நிமிசத்துல சூடு. வார்னிஷ் வாசன.' அப்படி இரண்டு மோட்டார்களின் குறிப்புகளுக்கு நடுவில் என்னைப் பற்றி எழுதியிருந்தார். அந்தப் பக்கம் இப்போதும் எங்களிடம் இருக்கிறது. எழுத்துப்பிழையோடு அப்படியே தருகிறேன்:

'எடது கன்னம் எடது கை ரெண்டும் ஒண்ணா சுண்டுது. ஈ வெரட்ற மாதிரி. கண்ணு மூடி தொறக்குற நேரம்தான். நெனவு போவல. காலைல எட்டுலேர்ந்து ஒம்பதுக்குள்ள ஆறு வாட்டி. கேட்டா ஒண்ணும் ஆவலயேங்குறா.'

டாக்டர் நின்றபடியே படித்தவர், பக்கத்துக் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து இன்னொரு முறை படித்தாராம்.

"இதை எழுதினது யாரு?"

"நான்தாங்க. ஏதும் தப்பா எழுதிட்டனா?"

"இல்ல சார். இதை நான் முன்னாடியே படிச்சிருக்கேன்."

அவர் படித்தது ஒரு மருத்துவ ஆய்வுக் கட்டுரையில். மேல்படிப்பின்போது எப்போதோ வாசித்தது. இந்த நோயை அவர் அதுவரை கண்ணால் கண்டதில்லை. குணமான பிறகு ஒரு நாள் என்னிடம் விளக்கமாகச் சொன்னார்.

"எத்தனையோ கட்டுரை படிச்சோம் மேடம். பரீட்சை முடிஞ்சதும் போயிடுச்சி. அது மட்டும் ஏன் நின்னுச்சின்னா, எழுதினவங்க நோயோட பெரிய பெரிய பேரெல்லாம் பின்னாடி வெச்சிட்டு, மொதல்ல அந்தத் துடிப்பு பாக்க எப்படி இருக்கும்னு எழுதியிருந்தாங்க. கன்னமும் கையும் ஒரே நேரம், ஒரே பக்கம், ஒரு நொடி. அவ்ளோதான். பக்கத்துல நின்னு பாத்த மாதிரி இருந்துது. சார் நோட்டைப் படிச்சதும் அந்தப் பக்கமே கண்ணு முன்னாடி வந்துடுச்சி."

என் நோய்க்கு ஆட்டோஇம்யூன் என்கெஃபலைடிஸ் என்று பெயர். கிருமியோடு சண்டை போட வேண்டிய உடம்பின் எதிர்ப்புச் சக்தி, ஆள் தெரியாமல் சொந்த மூளையையே தாக்குகிறது. என் விஷயத்தில் அது தாக்கியது நினைவைச் சேர்த்துவைக்கும் இடத்தை. முடி எழுந்து நின்றது, உப்பு இறங்கியது, கை சுண்டியது, வெள்ளைச் சட்டைக்காரர் உட்கார்ந்திருந்தது எல்லாம் அதன் வேலை. ரத்தத்தைச் சென்னைக்கு அனுப்பினார்கள். முடிவு வரப் பல நாள் ஆகும். அதற்குள் மூளை மேலும் கெடலாம் என்று, திருச்சியில் இருந்த நரம்பியல் நிபுணரிடம் போனில் பேசிவிட்டு அன்றைக்கே ஸ்டீராய்டு ஊசியைத் தொடங்கினார் டாக்டர் ஃபர்சானா. ஐந்து நாள் ஏற்றினார்கள். மூன்றாம் நாளே கன்னம் சுண்டுவது நின்றுவிட்டது. பிறகு வந்த ரத்த முடிவும் அவர் சொன்னதையே சொன்னது.

பத்தாம் நாள் காலை கண் விழித்தபோது தங்கராசு ஜன்னலோரம் நின்று சட்டை பட்டன் போட்டுக்கொண்டிருந்தார். "எப்ப வந்தீங்க?" என்று கேட்டேன். அவர் உடனே வெளியே போய்விட்டார். திரும்பி வந்தபோது முகம் கழுவியிருந்தார்.

ஊசி முடிந்து மாத்திரைக்கு மாறியபோது ஒரு சிக்கல் வந்தது. ஸ்டீராய்டைச் சட்டென்று நிறுத்தக் கூடாது. படிப்படியாகக் குறைக்க வேண்டும். எப்படிக் குறைப்பது என்று டாக்டர் ஃபர்சானா வேறொரு கட்டுரையைப் பார்த்தார். அதில் ஒரு நீண்ட வாக்கியம். அதை அவர் ஒரு விதமாகப் புரிந்துகொண்டார். திருச்சி நிபுணர் வேறு விதமாகப் புரிந்துகொண்டார். ஒருவர் கணக்குப்படி ஆறு வாரம், இன்னொருவர் கணக்குப்படி ஆறு மாதம். என் கட்டிலருகே நின்றுதான் போனில் பேசினார்கள். மாத்திரை நேரம் மத்தியானம் வரை தள்ளிப்போயிற்று. கடைசியில் மெதுவான வழியையே வைத்துக்கொண்டார்கள். நான் படுத்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன். அப்படிப்பட்ட வாக்கியங்களை எழுதத்தான் என் மாணவர்களுக்கு நான் சொல்லிக்கொடுத்திருக்கிறேன் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. பிறகு உறைத்தது.

வீட்டுக்கு வந்த பிறகுதான் நான் எதை இழந்திருக்கிறேன் என்று தெரிந்தது. கடந்த ஐந்தாறு வருடங்கள் அங்கங்கே கரையான் அரித்தது போல் போயிருந்தன. என் அம்மா இறந்துவிட்டார் என்று தெரியும். அவரை எடுத்துக்கொண்டு போன நாள் என்னிடம் இல்லை. யாழினி பத்தாம் வகுப்பில் எடுத்த மார்க்கை அவளிடமே கேட்டுத் தெரிந்துகொண்டேன். வீட்டில் ஒரு நீல நிறக் குக்கர் இருந்தது. அதை வாங்கியது நான்தானாம். ஆல்பத்தில் நான் சிரித்துக்கொண்டிருக்கும் படங்கள் இருந்தன. அந்தப் பெண் யாரைப் பார்த்துச் சிரிக்கிறாள் என்று எனக்குத் தெரியவில்லை.

"பழைய டைரி, லெட்டர், நீங்க எழுதினது ஏதாவது இருந்தா படிங்க மேடம்" என்றார் டாக்டர் ஃபர்சானா. "சில சமயம் அதைப் புடிச்சிக்கிட்டு கொஞ்சம் திரும்பி வரும்."

எனக்கு டைரி பழக்கம் கிடையாது. நான் எழுதியவை ஆய்வுக் கட்டுரைகள் மட்டும். கல்லூரிக் கோப்பிலிருந்து கடைசியாக வந்ததை யாழினி அச்செடுத்துக் கொடுத்தாள். நாலு வருடத்துக்கு முன் ஆங்கிலத்தில் வெளியானது. நிலத்தடி நீரில் ஃபுளோரைடு பற்றியது. முதல் பெயர் என்னுடையது. இரண்டாவது பெயர் என்னிடம் படித்த ஒரு மாணவருடையது.

ஒரு மத்தியானம் தனியாக உட்கார்ந்து படிக்கத் தொடங்கினேன். முதல் பத்தி முடிந்தது. ஒன்றும் ஏறவில்லை. மறுபடி படித்தேன். வார்த்தைகள் எல்லாம் தெரிந்தவை. சேர்ந்து நிற்கும்போது அவை ஒன்றும் சொல்லவில்லை. நீர் மாதிரிகள் சேகரிக்கப்பட்டிருந்தன. பகுப்பாய்வு செய்யப்பட்டிருந்தது. முடிவுகள் பெறப்பட்டிருந்தன. யார் போனது, யார் எடுத்தது, யாரிடம் கேட்டு எடுத்தது, ஒன்றும் இல்லை. ஆளில்லாத ஊரில் வாளிகள் தாமாகக் கிணற்றுக்குள் இறங்கி ஏறியது போலிருந்தது. என் பெயர் போட்ட எட்டுப் பக்கத்தில் நான் எங்கும் இல்லை. என் இடத்தில் யாரோ உட்கார்ந்து எழுதியிருந்தார். ஆஸ்பத்திரியில் மூலையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாரே, அவரைப் போல முகம் காட்டாத ஒருவர்.

படித்தால் புரிவதும் போய்விட்டது, நோய் திரும்புகிறது என்றே நினைத்தேன். மறுநாள் தங்கராசு என்னைப் பெரம்பலூருக்கு அழைத்துப்போனார். கட்டுரையை டாக்டர் முன் வைத்து, "நானே எழுதினது டாக்டர். ஒரு வரி புரியல" என்றேன். அழுகை வந்துவிட்டது.

அவர் வாங்கிப் படித்தார். முதல் பக்கம், இரண்டாம் பக்கம். திருப்பி முதல் பக்கத்துக்கே வந்தார். பிறகு மேஜைமேல் இருந்த நாளிதழை நீட்டி ஒரு செய்தியைப் படித்து அர்த்தம் சொல்லச் சொன்னார். சொன்னேன். ஒரு மருந்துக் குறிப்புச் சீட்டைக் கொடுத்தார். அதையும் சொன்னேன்.

"மேடம், உங்களுக்குப் படிப்பெல்லாம் நல்லாத்தான் வருது" என்றார். என் கட்டுரையை விரலால் தொட்டுக் காட்டினார். "இது எனக்கும் புரியல."

தங்கராசு அந்தத் தாள்களை எடுத்துப் புரட்டினார். அவருக்கு ஆங்கிலம் அதிகம் வராது. பட்டியலில் விரல் வைத்தார்.

"இது தண்ணியப் பத்தித்தானே? நல்லாயிருக்கா, இல்லையா?"

"மூணு மாதிரியில ஃபுளோரைடு இருக்க வேண்டியதவிட அதிகம்னு போட்டிருக்கு."

"எந்த மூணு கெணறு?"

தேடினேன். பி-4, பி-9, பி-11 என்று இருந்தது. பி-4 என்பது எந்தக் கிணறு என்று எட்டுப் பக்கத்திலும் எங்கும் எழுதவில்லை. டாக்டரும் தேடினார்.

"அப்ப அங்க இருக்கறவங்களுக்கு யாரு சொன்னது?" என்றார் தங்கராசு.

எனக்குத் தெரியவில்லை. நான் சொல்லியிருப்பேன் என்று நினைக்க விரும்பினேன். சொன்ன நினைவும் இல்லை, சொல்லாத நினைவும் இல்லை. அந்த இடத்தில் ஒரு ஓட்டைதான் இருந்தது.

ஃபுளோரைடு கொஞ்சம் இருந்தால் பல்லுக்கு நல்லது. அதிகமானால் வளரும் குழந்தைகளின் பல்லில் முதலில் சுண்ணாம்புத் திட்டு விழும், பிறகு பழுப்பாகும். வருடக்கணக்கில் குடித்தால் எலும்பும் மூட்டும் இறுகும். காய்ச்சினால் போகாது. தண்ணீர் வற்றுவதால் இன்னும் கூடவே செய்யும். இதெல்லாம் எனக்கு மறக்கவில்லை. எந்த ஊர், எந்தக் கிணறு என்பது மட்டும் மறந்திருந்தது.

கல்லூரி ஆய்வகத்தில் என் களக் குறிப்பேட்டைத் தேடினேன். புதுக் கட்டடத்துக்கு மாறியபோது பழைய காகிதங்களை எடைக்குப் போட்டுவிட்டார்கள். அந்த மாணவர் இப்போது வளைகுடா நாட்டில் வேலை செய்கிறார். போனில் பிடித்தேன்.

"மேடம், பாட்டில்ல நம்பர் எழுதினது நான். ஊருக்கு நான் வரல. எந்த ஊரு, எந்த நம்பர் எந்தக் கெணறுன்னு உங்க நோட்டுலதான் இருந்துது" என்றார். பிறகு தணிந்த குரலில், "கட்டுரையில இடத்தோட பேரைப் போடலாமான்னு நான் கேட்டேன் மேடம். அதெல்லாம் போட்டா ரிப்போர்ட் மாதிரி இருக்கும், ஆராய்ச்சி மாதிரி இருக்காதுன்னீங்க."

இருக்கும். நான் அப்படிச் சொல்லக்கூடியவள்தான். எளிதாக எழுதினால் எளிதான வேலை என்று நினைத்துவிடுவார்கள் என்று பயந்தே பதினைந்து வருடம் எழுதியிருக்கிறேன்.

ஊரின் பெயர் கடைசியில் கிடைத்தது. கட்டுரையின் அடியில் சின்ன எழுத்தில் நன்றி சொல்லியிருந்தேன். தண்ணீர் எடுக்க அனுமதித்த ஊர் மக்களுக்கு என்று, ஊர்ப்பெயரோடு. அந்தக் கட்டுரையிலேயே யார் படித்தாலும் புரியும் வாக்கியம் அது ஒன்றுதான். பூலாம்பாடி பக்கம் பச்சைமலை அடிவாரத்தில் ஒரு சின்ன ஊர் அது. பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அந்தப் பிள்ளைகளை யாரும் தேடிப்போய்ப் பார்க்க வேண்டாம்.

தங்கராசுவோடு பஸ்ஸில் போய் இறங்கி நடந்தேன். இரண்டு பக்கமும் மக்காச்சோளம் ஆள் உயரத்துக்கு நின்றது. பகல் பதினோரு மணி. இந்தப் பாதையில் வந்திருக்கிறேன் என்று மூளைக்குத் தெரியும், கால்களுக்குத் தெரியவில்லை. முதல் தெருவில் திரும்பியதும் ஒரு வீட்டு வாசலில் வெங்காயம் ஆய்ந்துகொண்டிருந்த பெண் நிமிர்ந்தாள். நாற்பது வயது இருக்கும். என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"வாங்க டீச்சர். வந்துட்டீங்களா?"

நேற்றுப் போனவளை வரவேற்பது போலிருந்தது. அவளை என் வாழ்நாளில் நான் பார்த்ததில்லை. பார்த்ததில்லை என்றுதான் எனக்குத் தோன்றியது. ஆனால் அவளுக்கு என் பெயர் தெரிந்திருந்தது. என் மகள் பெயர் தெரிந்திருந்தது. என் அம்மாவின் மூட்டுவலியைப் பற்றி விசாரித்தாள். அந்த ஓட்டைக்குள் போன ஒருத்தி என்னைப் போலவே இந்த ஊரில் நடந்து, பேசி, சிரித்துவிட்டுப் போயிருக்கிறாள். அவள் தடத்தின் மேல் நான் நின்றுகொண்டிருந்தேன். மக்காச்சோளத் தட்டை சலசலத்தது. கயிறு கட்டியிருந்த மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன்.

"ஒடம்பு சரியில்லாம போச்சிங்க. கொஞ்சம் மறந்துட்டேன்" என்றேன். "நான் அன்னிக்கு வந்து என்ன சொன்னேன்?"

அவள் பெயர் கொளஞ்சி. வெங்காயத்தை ஒதுக்கிவைத்துவிட்டு யோசித்தாள்.

"என்னா சொன்னீங்க... எல்லா பம்புலயும் பாட்டில்ல புடிச்சீங்க. எங்க வூட்டு போர் தண்ணியில டீ போட்டுக் குடுத்தேன், குடிச்சீங்க. ருசியா இருக்குன்னீங்க. தண்ணி எப்படின்னு ஒரு வாரத்துல வந்து சொல்றேன்னு போனீங்க."

"வந்தனா?"

"இப்பத்தான் வரீங்க" என்றாள், குறையாகச் சொல்லாமல்.

உள்ளேயிருந்து அவளுடைய இரண்டு பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். பெரியவளுக்குப் பதினொன்று. பேசும்போது வாயைக் கையால் மறைத்துக்கொண்டாள். மறைக்கும் முன் பழுப்புக் கோடுகளைப் பார்த்துவிட்டேன். சின்னவள் மறைக்கக் கற்றுக்கொள்ளவில்லை. முன்பல் விழுந்து புதிதாக முளைத்திருந்தது. அதில் சுண்ணாம்பு தெறித்தது போல வெள்ளைத் திட்டுகள்.

"இவளுக்கு என்ன வயசு?"

"ஆறு முடியுது டீச்சர். நீங்க வந்தப்ப ரெண்டு. உங்க மடியிலதான் ஒக்காந்துக்கிட்டு எறங்க மாட்டன்னா."

முன்பல்லின் மேல்பூச்சு, பல் முளைப்பதற்கு வெகு முன்பே, அந்தச் சின்ன வயதில்தான் ஈறுக்குள் உருவாகிறது. நான் இதை வகுப்பில் நடத்தியிருக்கிறேன். அன்றைக்குச் சொல்லியிருந்தால் இவள் பல்லில் இவ்வளவு ஏறியிருக்காது. எவ்வளவு குறைந்திருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. பெரியவள் பல்லைப் பார்த்தபோதாவது அன்றைக்கு நான் என்ன நினைத்தேன் என்று எனக்குத் தெரியவில்லை. கட்டுரையில் அந்தப் பிள்ளை இல்லை.

அன்றைக்கே மறுபடி தண்ணீர் எடுத்தோம். நான் பிடித்தேன். தங்கராசு ஒவ்வொரு பாட்டிலிலும் சீட்டு ஒட்டி எழுதினார். 'பள்ளிக்கூடத்துக்குத் தெக்க, புளியமரத்தடி அடிபம்பு.' 'மாரியம்மன் கோயில் பின்னாடி, பச்சக் கைப்புடி.' 'கொளஞ்சி வூடு, மாட்டுக்கொட்டாய் பக்கம் போர்.' எண் போடவில்லை. "நம்பர் போட்டா யாரு கண்டா" என்றார்.

ஆய்வகத்தில் நானே சோதித்தேன். நினைவின் மேல் எனக்கு நம்பிக்கை இல்லாததால் ஒவ்வொன்றையும் மூன்று முறை பார்த்து, பார்த்த உடனே எழுதினேன். மூன்று இடங்களில் அளவு மிக அதிகம். அவை பழைய பி-4, பி-9, பி-11 தானா என்று கண்டுபிடிக்க இனி வழியில்லை. கட்டுரை வெளியான இதழுக்குத் திருத்தம் எழுதி அனுப்பினேன். ஊராட்சித் தலைவரிடமும் வட்டார வளர்ச்சி அலுவலகத்திலும் கொடுக்கத் தமிழில் ஒரு பக்கம் எழுத உட்கார்ந்தேன். அந்த ஒரு பக்கத்துக்கு நாலு நாள் ஆயிற்று. 'காணப்படுகிறது' என்று எழுதினால் தங்கராசு நிறுத்துவார். "யாரு கண்டது?" என்பார். 'நான் சோதித்தேன்' என்று மாற்றுவேன். 'உகந்ததல்ல' என்றால், "குடிக்கலாமா, கூடாதா?" என்பார். யாழினி சத்தமாக வாசித்துப் பார்ப்பாள். அவள் எங்கே தடுக்குகிறாளோ அங்கே அடித்து எழுதுவேன்.

முதல் பிரதியைக் கொளஞ்சியிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் எட்டாவது வரை படித்தவள். வாசற்படியில் உட்கார்ந்து விரல் வைத்து வாசித்தாள்.

"புளியமரத்தடி அடிபம்பு, கோயில் பின்னால் உள்ள பம்பு, கொளஞ்சி வீட்டுப் போர். இந்த மூன்று தண்ணீரையும் குடிக்கக் கூடாது, சமைக்கக் கூடாது. காய்ச்சினாலும் சரியாகாது. குழந்தைகளின் பல்லையும் எலும்பையும் கெடுக்கும். குளிக்கலாம், துணி துவைக்கலாம். குடிக்கவும் சமைக்கவும் மேல்நிலைத் தொட்டிக் குழாய்த் தண்ணீரை மட்டும் பிடியுங்கள். அதையும் சோதித்தேன். அது நல்ல தண்ணீர்."

வாசித்து முடித்துவிட்டு என்னிடம் ஒரு சந்தேகமும் கேட்கவில்லை. எழுந்து உள்ளே போனாள். அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த உலைப் பானையைத் துணி பிடித்து இறக்கி வந்து வாசலோரம் கவிழ்த்தாள். ஆவி மேலே எழும்பியது. தண்ணீர் மண்ணில் இறங்கும்வரை பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இவ்ளோதானா டீச்சர்" என்றாள். "இத எழுதவா நாலு வருசம் ஆச்சி."

நோயைச் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்தக் கட்டுரையை எழுதியபோது எனக்கு நோய் இல்லை.

அவள் திண்டில் கவிழ்த்து வைத்திருந்த பிளாஸ்டிக் குடங்களில் இரண்டை எடுத்தாள். ஒன்றை இடுப்பில் வைத்துக்கொண்டு இன்னொன்றை என்னிடம் நீட்டினாள்.

"டேங்க் கொழாயில தண்ணி வர நேரம்தான். வாங்க, ஒரு கொடத்த நீங்க தூக்கிக்குங்க."

வாங்கிக்கொண்டு அவள் பின்னால் போனேன்.